கண்ணாடியில் படிந்த பனி



சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள் என்பதை வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் படித்திருக்கக்கூடும். இன்று இவ்வூரைச் சுற்றியுள்ள குப்பங்களின் உயிர்நாடி இறாலும் நண்டும் மடவை மீனும்தாம். விடியுமுன் பிடித்த மீன், ஐஸ் இட்ட பெட்டிகளில் ஏறி, பொன்னேரி வழியாகச் சென்னைக்குப் போகிறது.

ஒரு மார்கழி மாத அதிகாலையில் அப்படிப்பட்ட லாரி ஒன்றில் நான் பயணம் செய்தேன். ஓட்டியவர் பக்கத்துக் குப்பத்து இளைஞர். அருகில் அவருடைய உதவியாளர், ஓரத்தில் நான். வெளியே தூறல். ஜன்னல்கள் மூடியிருந்தன. புறப்பட்டுச் சில நிமிடங்களிலேயே முன் கண்ணாடி பால்போல் வெளுத்துவிட்டது. ஓட்டுநர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துணிகொண்டு துடைத்தார். துடைத்த இடம் மீண்டும் வெளுத்தது. வைப்பரை ஓடவிட்டார். அதனாலும் பயன் இல்லை.

திடீரென்று வெளிச்சத்தில் ஓர் உருவம் தெரிந்தது. தலையில் மீன்கூடையுடன் சாலையோரம் நடந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி! ஓட்டுநர் வண்டியை ஒடித்துத் திருப்பினார். ஒரு முழ இடைவெளியில் அவரைக் கடந்தோம். கேபினில் யாரும் பேசவில்லை.

"தம்பி, முதலில் ஓரமாக நிறுத்துங்கள்" என்றேன்.

"ஐஸ் உருகிடும் சார். லேட்டானா சரக்கை விலைக்கு எடுக்க மாட்டாங்க" என்றார் அவர்.

ஐஸ் எவ்வளவு உருகும்? இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாமே! அந்தப் பெட்டிகளுக்குள் வெளியிலிருந்து விநாடிக்கு 300 ஜூல் வெப்பம் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தில், அதாவது 600 விநாடியில், 1,80,000 ஜூல். ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகுவதற்கான உள்ளுறை வெப்பம் ஏறத்தாழ 3,34,000 ஜூல். ஆகவே பத்து நிமிடம் நின்றால் உருகுவது அரை கிலோ ஐஸ்தான்! ஒரு பக்கம் அரை கிலோ ஐஸ், மறு பக்கம் ஒரு மனித உயிர். கணக்கைச் சொன்னதும், அடுத்த தேநீர்க் கடையின் முன் லாரி நின்றது. அங்கே நாங்கள் செய்த ஆராய்ச்சிதான் இன்றைய பாடம்.

பனி எந்தப் பக்கம்?

எந்தக் கோளாற்றையும் தேடத் தொடங்குமுன், கோளாறு என்ன என்பதைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். கண்ணாடியின் உட்புறத்தை விரலால் தேய்த்தேன். விரல் ஈரமானது, கோடு தெளிவாக விழுந்தது. ஆகவே பனி உட்புறத்தில்தான் படிந்திருக்கிறது. வெளிப்புறம் துடைக்கும் வைப்பர் ஏன் உதவவில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா? கோடைகாலப் புழுக்கத்தில் ஏ.சி. காற்று கண்ணாடியின்மேல் நேராக அடித்தால் நேர்மாறாக நடக்கும். கண்ணாடி குளிர்ந்து, வெளிப்புறத்தில் பனி படியும். அதற்கு வைப்பரே போதும். ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு நோய்களுக்கு மருந்து வேறு வேறு. அவற்றைப் பிரித்துக் காட்ட ஒரு விரல் போதுமானது.

இந்த நீர் எங்கிருந்து வந்தது? காற்று ஓரளவு நீராவியை மட்டுமே தாங்கும். 22 பாகை செல்சியஸில் ஒரு கனமீட்டர் இடத்தில் ஏறத்தாழ 19.4 கிராம் நீராவி இருந்தால் அது தெவிட்டிய நிலை. 30 பாகையில் இது 30.4 கிராம், 40 பாகையில் 51 கிராம். அந்தக் காலை வெளியே 22 பாகை, ஒப்பு ஈரப்பதம் 90 சதவீதம் என்று கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு கனமீட்டர் காற்றிலும் 17.5 கிராம் நீராவி இருக்கிறது. இன்னும் 1.9 கிராம் சேர்ந்தால், வெளிக்காற்றால் 22 பாகைக்குக் குளிர்ந்திருக்கும் கண்ணாடியில் பனி படியத் தொடங்கிவிடும்.

கேபினின் கொள்ளளவு சுமார் 4 கனமீட்டர். எனவே தேவைப்படும் நீர் 4 × 1.9, அதாவது ஏறக்குறைய 8 கிராம். ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருந்தாலும், மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் மணிக்கு 30 முதல் 40 கிராம் நீராவியை வெளியிடுகிறான். மூவர் சேர்ந்தால் மணிக்கு 120 கிராம் வரை, அதாவது நிமிடத்துக்கு 2 கிராம். 8 கிராமுக்கு நான்கே நிமிடம்! எங்கள் ஈர உடைகளும் காலடியில் சொட்டிய ஐஸ் தண்ணீரும் இந்தக் கணக்கில் இல்லை. கண்ணாடியை மூடியது வெளியிலுள்ள பனியன்று, எங்கள் மூச்சேதான்.

மூன்று குமிழ்கள், ஒரு நெம்புகோல்

அந்த லாரி முன்பு வடமாநிலங்களில் ஓடியது. ஆகவே அதில் ஹீட்டர், ஏ.சி. இரண்டும் இருந்தன. ஓட்டுநர் முன்னால் மூன்று குமிழ்களும் ஒரு சிறு நெம்புகோலும் உண்டு. அவை செய்யும் வேலை என்ன?

முதற்குமிழ் காற்றின் வேகத்துக்கானது. புளோயர் என்னும் விசிறியின் மோட்டாரை 1, 2, 3, 4 என்ற நான்கு வேகங்களில் ஓட்டுகிறது. இரண்டாவது, சூட்டுக்கானது. என்ஜினைச் சுற்றி வரும் கூலன்ட் நீர் 80, 90 பாகை வரை சூடேறியிருக்கும். அதன் ஒரு பகுதி கேபினிலுள்ள சிறிய ரேடியேட்டர் ஒன்றின் வழியாக ஓடுகிறது. காற்று அதன் மீது வீசிச் சூடாகிறது. வீணாகப் போகும் வெப்பத்தை வேலை வாங்கும் ஏற்பாடு இது! மூன்றாவது, திசைக்கானது. முகம், கால், முன் கண்ணாடி என எங்கே காற்று போக வேண்டும் என்பதைச் சிறு கதவுகளைத் திருப்பி முடிவு செய்கிறது. நெம்புகோல், வெளிக்காற்றை உள்ளே எடுப்பதா, உள்காற்றையே மீண்டும் மீண்டும் சுற்றுவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

கண்ணாடியைத் தெளிவாக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, சூடேற்றல். 17.5 கிராம் நீராவியுள்ள வெளிக்காற்றை 40 பாகைக்குச் சூடாக்கினால், 51 கிராம் தாங்கக்கூடிய இடத்தில் 17.5 கிராம் மட்டுமே இருக்கும். ஒப்பு ஈரப்பதம் 34 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஒரு துளி நீரைக்கூட எடுக்காமல் காற்று 'தாகம்' கொண்டதாகிவிடுகிறது! அது கண்ணாடியிலுள்ள நீரை உறிஞ்சுகிறது. கண்ணாடியையும் பனிநிலைக்கு மேலே சூடாக்குகிறது. இரண்டாம் வழி ஏ.சி. அதன் குளிர்சுருளில் காற்று 5 பாகையளவு குளிரும்போது, அது தாங்கக்கூடிய நீராவி 7 கிராம்தான். மீதி நீராகி வண்டிக்கு அடியில் வடிந்துவிடுகிறது. குளிர்காலத்தில் ஏ.சி. எதற்கு என்று கேட்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஏ.சி.யில் உலர்த்தி, ஹீட்டரில் சூடாக்கி, கண்ணாடியில் வீசுவதே மிக விரைவான வழி.

நான்காம் வேகம் சொன்ன சேதி

"புளோயர் போடவில்லையா, தம்பி?" என்று கேட்டேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு எதுவும் வேலை செய்யலை சார். நாலுல மட்டும்தான் ஓடும். சத்தம்தான் வருது, கண்ணாடி தெளியலை. அதனால அணைச்சே வெச்சிட்டேன். ரெசிஸ்டர் போச்சுன்னு ரெண்டு தடவை மாத்தியாச்சு. முதல்ல போட்டது மூணு மாசம் இருந்துச்சு. அடுத்தது ஒரே மாசத்துல போயிடுச்சு" என்றார்.

மாணவர்களே, இந்தப் பதிலில் எத்தனை செய்திகள் அடங்கியுள்ளன, பாருங்கள்! நான்காம் வேகத்தில் மின்னோட்டம், பாட்டரியிலிருந்து பியூஸ் வழியாக மோட்டாருக்கு நேராகச் சென்று, எர்த் வழியாகத் திரும்புகிறது. மற்ற மூன்று வேகங்களிலும் மோட்டாருடன் ஒரு மின்தடை தொடரிணைப்பில் சேர்கிறது. நான்கில் ஓடுகிறது என்றால் பியூஸ் நன்று, மோட்டார் நன்று, எர்த்தும் வேலை செய்கிறது. பாதையில் மிஞ்சுவது ரெசிஸ்டரும் அதன் இணைப்புகளும் சுவிட்சும்தான். ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் முக்கால்வாசிச் சந்தேகங்களை நீக்கிவிட்டோம்! எந்த வேகத்திலும் ஓடாமலிருந்தால், பியூஸிலிருந்து தேடுதலைத் தொடங்கியிருக்க வேண்டும்.

பணிமனையில் சொன்னது சரிதான், ரெசிஸ்டர் போயிருந்தது. ஆனால் அது ஏன் திரும்பத் திரும்பப் போகிறது என்பதை யாரும் கேட்கவில்லை. இங்கேதான் ஜூல் விதி உதவுகிறது. லாரியின் மின்னழுத்தம் 24 வோல்ட். மோட்டார் முழு வேகத்தில் 8 ஆம்பியர் எடுக்கிறது என்போம். அதாவது 3 ஓம் தடைபோல் நடந்துகொள்கிறது. அதனுடன் 3 ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்தால் மொத்தம் 6 ஓம். மின்னோட்டம் 4 ஆம்பியர். ரெசிஸ்டரில் தோன்றும் வெப்பம் 4 × 4 × 3, அதாவது விநாடிக்கு 48 ஜூல். சுழலும் மோட்டாரில் எதிர் மின்னியக்கு விசையும் உண்டாதலால் இது தோராயக் கணக்கே. எனினும், ரேடியோ பழுது பார்ப்பவர் பயன்படுத்தும் சாதாரண சால்டரிங் அயர்னைவிட இது அதிகச் சூடு! அதனால்தான் ரெசிஸ்டரைப் புளோயரின் காற்றோட்டத்திலேயே பொருத்துகிறார்கள். காற்று அதைக் குளிர்விக்கிறது. காற்று குறைந்தால் அது வெந்துபோகிறது.

அப்படியானால், காற்று குறைகிறதா? நான்காம் வேகத்தில் போட்டு, காற்று வரும் வாயில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தேன். சத்தம் பெரிது, காகிதமோ மெல்ல அசைந்தது. விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை. எனவே வழியில் அடைப்பு இருக்க வேண்டும். என்ஜினை நிறுத்தி, காற்று வடிகட்டியை உருவினோம். சாலைத் தூசியும் சாக்கு நாரும் உப்பு ஈரத்தில் சேர்ந்து ஒரு கம்பளித் துண்டுபோல் அதை மூடியிருந்தன! அதைத் தட்டி, உதறி, மீண்டும் பொருத்தினோம். காகிதம் இப்போது படபடவென்று அடித்துக்கொண்டது.

அடுத்து நெம்புகோல். அது உள்காற்றைச் சுற்றும் நிலையில் இருந்தது. கோடையில் சாலைப் புழுதிக்காக வைத்தது, அப்படியே நின்றுவிட்டது. எங்கள் மூச்சின் ஈரத்தையே அது எங்களுக்குத் திருப்பித் தந்துகொண்டிருந்தது. அதை வெளிக்காற்றுக்கு மாற்றினோம். சூட்டுக் குமிழைச் சிவப்புக்கும் திசைக் குமிழை முன் கண்ணாடிக்கும் திருப்பினோம். என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்ததால் வெந்நீர் தயார். ஓரிரு நிமிடங்களில் கண்ணாடியின் கீழ்ப்பகுதியிலிருந்து தெளிவு மேலேறியது. தேநீர்க் கடையின் விளக்கும் அதற்கப்பால் சாலையும் துலக்கமாகத் தெரிந்தன.

உப்புக் காற்றின் குறும்பு

ரெசிஸ்டரை மாற்ற வேண்டியது பாக்கி. அந்த வேலையைச் சில நாட்களுக்குப் பின் பகல் வெளிச்சத்தில் செய்தார்கள். அப்போது இன்னொரு குற்றவாளியும் அகப்பட்டது. மோட்டாருக்குச் செல்லும் இணைப்பியின் ஒரு முள் பச்சை பூத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுத்திருந்தது. ஏரிக்கரையில் இது புதிதன்று. உப்பு கலந்த ஈரம் செம்பையும் இரும்பையும் அரிக்கும். அரித்த இடத்தில் மின்தடை கூடும்.

அத்தகைய இணைப்பில் அரை ஓம் தடை மட்டும் ஏற்பட்டது என்று கொள்வோம். நான்காம் வேகத்தில் மொத்தத் தடை 3.5 ஓம், மின்னோட்டம் ஏறத்தாழ 7 ஆம்பியர். அந்த முள்ளில் மட்டும் 7 × 7 × 0.5, அதாவது சுமார் 24 வாட் வெப்பம். நகக்கண் அளவு இடத்தில் இவ்வளவு சூடு என்றால் பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்?

இத்தகைய கோளாற்றைத் தேடும்போது பலர் ஒரு வலையில் விழுகிறார்கள். மோட்டாரைக் கழற்றிவிட்டு, இணைப்பியில் மல்டிமீட்டரை வைக்கிறார்கள். அது 24 வோல்ட் காட்டுகிறது. 'மின்சாரம் சரியாக வருகிறது. மோட்டார்தான் கெட்டுவிட்டது' என்று முடிவு செய்கிறார்கள். இது தவறு! மல்டிமீட்டரின் மின்தடை மிக மிக அதிகம். எனவே சுற்றில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. மின்னோட்டம் இல்லையேல், ஓம் விதிப்படி, துருவில் மின்னழுத்த இழப்பும் இல்லை. ஆயிரம் ஓம் துரு இருந்தாலும் மீட்டர் 24 வோல்ட்டே காட்டும். மோட்டார் ஓடும்போது, சந்தேகப்படும் இணைப்பின் இரு பக்கங்களிலும் மீட்டரை வைத்து அளக்க வேண்டும். நல்ல இணைப்பில் அளவு பூச்சியத்தை ஒட்டியிருக்கும். நம் உதாரணத்தில் 3.5 வோல்ட் காட்டும். வேலை செய்யும்போதுதான் பலவீனம் வெளிப்படும் என்பது இயந்திரத்துக்கும் பொருந்துகிறது!

முள்ளைச் சுரண்டிப் பார்க்காமல் இணைப்பியையே மாற்றினார்கள். புதிய வடிகட்டியும் புதிய ரெசிஸ்டரும் போட்டார்கள். அடுத்த மழைக்காலம் முடிந்தபின் அந்த இளைஞரைப் பார்த்தேன். "அதே ரெசிஸ்டர்தான் சார் ஓடுது. மாசத்துக்கு ஒரு தடவை ஃபில்டரை உதறிடுறேன்" என்றார்.

தேடும் முறை

அன்று நாங்கள் சென்ற வரிசையை நினைவுகூர்வோம். பனி எந்தப் பக்கம்? புளோயர் எந்தெந்த வேகத்தில் ஓடுகிறது? ஓடினால் காற்று போதுமான அளவு வருகிறதா? வெளிக்காற்றா, உள்காற்றா? காற்று சூடாகிறதா? குமிழ் திருப்பிய திசையில் போகிறதா? காற்று சூடாகவில்லை என்றால், ஹீட்டருக்குப் போகும் குழாய், திரும்பும் குழாய் ஆகிய இரண்டையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் சூடாக இருந்தால் வெந்நீர் ஓடுகிறது. கோளாறு காற்றுக் கதவில் இருக்கலாம். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், வழியில் அடைப்பு அல்லது மூடிய வால்வு. திசை மாறவில்லை என்றால், குமிழிலிருந்து கதவுக்குச் செல்லும் கம்பி கழன்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு கேள்வியும் ஒரு பக்கத்துச் சந்தேகங்களை நீக்கிவிடுகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். அந்த லாரியில் கோளாறுகள் இரண்டு கலந்திருந்தன. நான்காம் வேகத்தில் போட்டும் கண்ணாடி தெளியாததால், 'புளோயரால் பயனில்லை' என்று ஓட்டுநர் நம்பிவிட்டார். உண்மையில் அதைத் தோற்கடித்தவை அடைத்த வடிகட்டியும் தவறான நிலையிலிருந்த நெம்புகோலும்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். சூடான என்ஜினின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமலிருக்கும் நீர், மூடியைத் திறந்ததும் பீறிட்டு முகத்தில் பாயும். எரிந்த பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றக் கூடாது. பியூஸ் உருகாவிட்டால் கம்பிகள் தீப்பிடிக்கும். என்ஜினை ஓடவிட்டு, மூடிய கேபினில் உறங்கக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

புதிதாகத் தயாரிக்கப்படும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று இந்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் கருவியைப் பொருத்தினால் மட்டும் போதாது. அதன் வடிகட்டியை உதறவும் நெம்புகோலைச் சரியான பக்கம் தள்ளவும் காரணம் தெரிந்த கை வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஒரு பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் பாதியளவு நீர் ஊற்றி, வெப்பமானியை வையுங்கள். ஐஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்குங்கள். வெளிப்புறம் மங்கத் தொடங்கும் வெப்பநிலையைக் குறியுங்கள். அதுவே அன்றைய பனிநிலை. மழை நாளிலும் வெயில் நாளிலும் செய்து ஒப்பிடுங்கள்.

2. இரண்டு டார்ச் செல்கள், ஒரு டார்ச் பல்பு, இருமுனையும் சீவிய ஒரு பென்சில் ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். பல்பு மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. பென்சில்தான் நம் துருப்பிடித்த முள். இப்போது பல்பைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் வோல்ட்மீட்டரை வையுங்கள். ஏறக்குறைய முழு 3 வோல்ட்டும் காட்டும். பல்பை மீண்டும் பொருத்தி, பென்சிலின் இரு முனைகளிலும் அளந்து பாருங்கள். வேறுபாட்டுக்குக் காரணம் எழுதுங்கள்.

3. சிந்திக்க: ஒரு லாரியில் புளோயர் 3, 4 வேகங்களில் ஓடுகிறது; 1, 2 வேகங்களில் ஓடவில்லை. பியூஸ் கெட்டிருக்க முடியுமா? உங்கள் விடைக்குக் காரணம் என்ன?

மழை நாளில் பேருந்தின் முன் கண்ணாடி வெளுத்து, ஓட்டுநர் துணியைத் தேடும்போது, அந்த நான்கு நிமிடக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் பக்கத்து ஜன்னலைச் சிறிது திறந்து விடுங்கள்.